வீட்டுத் தரையை எரித்த குயவர்

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே சேந்த் என்ற ஊரில் ஒரு மனிதர் தம் வீட்டு மேஜைகளையும், தரையில் பாவியிருந்த பலகைகளையும் பெயர்த்துச் சூளையில் போட்டு எரித்தார். விறகு தீர்ந்துவிட்டது; பாத்திரங்களின் மேல் பூசிய எனாமலோ இன்னும் உருகவில்லை. அண்டை அயலார் பைத்தியம் என்றார்கள். கள்ள நாணயம் அடிக்கிறார் என்றும் புரளி கிளம்பியது.

அவர்தாம் பெர்னார் பலிஸி. 1510-ஐ ஒட்டிப் பிறந்தவர். கற்ற தொழில் கண்ணாடியில் சித்திரம் தீட்டுவது. வெள்ளை எனாமல் பூசிய கோப்பை ஒன்று கண்ணில் பட்டதும் அதே போல் செய்துவிட வேண்டுமென்ற பித்துப் பிடித்தது. களிமண் வேலை தெரியாது. சொல்லித்தர ஆளும் இல்லை. பதினாறு வருஷம் பாடுபட்டார்.

உதவிக்கு வைத்த குயவருக்குக் கூலி கொடுக்கக் காசில்லாமல் தம் துணிமணிகளையே கொடுத்து அனுப்பினார். ஒரு தடவை கடன் வாங்கிச் சூளை நிறையச் சுட்டார். சூளைச் சாந்தில் கிடந்த சிக்கிமுக்கிக் கற்கள் சூட்டில் வெடித்து, சில்லுகள் எனாமலில் ஒட்டிக்கொண்டன. விலை குறைத்தால் வாங்க ஆள் இருந்தது. மட்டமான சரக்கு தம் பெயரில் போகக்கூடாதென்று அத்தனையையும் உடைத்துவிட்டுப் படுத்துவிட்டார். செய்தது சரிதானா என்று அவர் மனைவியைக் கேட்டால் வேறு பதில் வந்திருக்கும்.

கடைசியில் பெயர் வாங்கித் தந்தது வெள்ளை எனாமல் அல்ல. ஓடையிலும் சதுப்பிலும் திரியும் உயிர்கள். பாம்பு, பல்லி, தவளை, மீன், கிளிஞ்சல், இலை இவற்றின் மேலேயே அச்சு எடுப்பார். பாம்பின் செதில்கூடத் தப்பாது. அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்துத் தட்டில் பொருத்தி, வண்ணம் பூசிச் சுடுவார். இதிலும் சங்கடம். பாம்பின் நிறம் உருகுமுன் பல்லியின் பச்சை கருகிவிடும். எல்லா வண்ணமும் ஒரே சூட்டில் உருகும்படி செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்தத் தட்டில் சோறு போட்டுச் சாப்பிட முடியாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிரபுக்களின் ஆதரவு வந்தது. ராஜமாதா கத்தரீன் பாரிஸில் தம் துய்லெரி அரண்மனைத் தோட்டத்துக்குச் செயற்கைக் குகை அமைக்கும் வேலை கொடுத்தார். 1575 முதல் பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொற்பொழிவாற்றினார். பாறைக்குள் இருக்கும் சிப்பிகள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவையே, ஊற்று நீர் மழை நீரே என்று விளக்கினார். 1580-இல் புத்தகமாகவும் எழுதினார். லத்தீனோ கிரேக்கமோ படிக்காதவர்.

அவர் புராட்டஸ்டண்ட் மதத்தினர். அதற்காக முன்பே ஒரு முறை சிறை சென்று, பிரபுக்களின் தயவால் மீண்டிருந்தார். முதுமையில் மறுபடி பிடித்தார்கள். மதத்தை விட மறுத்து, எண்பது வயதை ஒட்டி, பாஸ்டில் சிறையிலேயே இறந்தார்.

1980-களில் லூவர் அரண்மனைப் பக்கம் மண்ணைத் தோண்டியபோது அவருடைய பட்டறையின் எச்சங்கள் வெளிப்பட்டன. உயிர்களின் மேல் எடுத்த அச்சுகளும் அவற்றில் இருந்தன.