ஹாஃப்கினும் ஒரு குப்பியும்

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். அவ்வேளையில் அங்கு வந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த அவர், பாரிசில் பாஸ்டர் நிறுவிய ஆய்வகத்தில் பயின்றவர். காலராவுக்குத் தடுப்பூசி கண்டவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தவை ஒரு சிறிய இடமும், ஓர் எழுத்தரும், பயிற்சியற்ற மூன்று உதவியாளர்களுமே. மூன்றே மாதங்களில் தடுப்பு மருந்தை உருவாக்கினார். 1897 சனவரி 10 அன்று அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பின்னர், பைகுலாச் சிறையில் முன்வந்தோர்க்கு ஊசியிடப்பட்டது.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஊசி இட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் ஏற்பு நோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பணியும் பறிபோனது. ஆயினும் விசாரணை ஏடுகள் வேறொன்றைக் கூறின. இறந்தோர் அனைவரும் ஒரே குப்பியின் மருந்தைப் பெற்றவர்கள். பிற குப்பிகளால் எவருக்கும் தீங்கில்லை. அக்குப்பியைத் திறந்த இடுக்கி, அதற்குமுன் அவ்வூர் மண்ணில் விழுந்திருந்தது. மூடியைத் திறந்தபோது மருந்தில் தீநாற்றமும் இல்லை. நச்சுக்கிருமி முன்பே வளர்ந்திருந்தால் நாற்றம் வீசியிருக்கும். ரொனால்டு ராஸ் முதலான அறிஞர்கள் இவற்றை எடுத்துக்காட்டி வாதிட்டனர். 1907இல் பழி நீங்கியது. ஐந்தாண்டுகள் ஓர் ஆய்வாளருக்குச் சிறிய காலமன்று.

மாட்டுங்காவுக்கு அண்மையிலுள்ள பரேல் ஆய்வகம் 1925இல் அவர் பெயரைப் பெற்றது. 1930இல் அவர் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் எருசலேமில் காக்கப்பட்டு வருகின்றன.