மலைநீரின் வலுவைக் கண்டறிந்த விமலசுரேந்திர

இலங்கையின் நீர்மின் வரலாற்றைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் நினைவுகூர வேண்டியவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர ஆவார். 1874 ஆம் ஆண்டு காலியில் பிறந்த அவர், பொதுவேலைகள் திணைக்களத்தில் பணிபுரிந்த காலத்தில், மலையகத்து அருவிகளில் வீணே பாயும் நீரின் வலுவை உணர்ந்தார்.

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூல் என்னுமிடத்தில் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளியூட்டினார். சிறிய முயற்சியாயினும், மலைநீரால் ஒரு நகரை ஒளிரச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வுக்கட்டுரை, அபர்டீன், லக்ஷபான நீர்வீழ்ச்சிகளின் வலுவை நாட்டுக்குப் பயன்படுத்தும் வழியை எடுத்துக்காட்டியது.

ஆயினும் குடியேற்ற ஆட்சியினர் அதில் ஆர்வம் காட்டவில்லை. 1920களில் தொடங்கிய வேலைகளும் இடைநடுவில் கைவிடப்பட்டன. மனந்தளராத அவர் 1931 இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் தமது திட்டத்துக்காக வாதாடினார். 1950 இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது அவர் முதுமை எய்தியிருந்தார். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1953 இல் காலமானார். நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியிலுள்ள 50 மெகாவாற்று மின்நிலையம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பிளக்பூல் புகட்டிய பாடம் இன்றும் பொருந்துகின்றது. 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்கள், பெரும் நீர்த்தேக்கமின்றி ஓடும் ஆற்றைக் கொண்டே இயங்கி, தேசிய மின்கட்டமைப்புக்கு மின்சாரம் வழங்குகின்றன. மழைக்காலத்தில் அவை தரும் ஒவ்வோர் அலகும், நீர்த்தேக்கங்களின் நீரையோ, இறக்குமதியாகும் எரிபொருளையோ மீதப்படுத்துகின்றது. பாவனையாளருக்கு அருகில் உற்பத்தியாவதால் மின்கடத்தல் இழப்பும் குறைகின்றது. வரட்சியில் அவற்றின் உற்பத்தி வீழ்ச்சியடையும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இன்னுமொன்றையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். மலைநீர் கொழும்பை ஒளிரச் செய்த பின்னரும், அம்மலைகளில் உழைத்த தோட்டத் தொழிலாளரின் லயன்கள் பல, பல்லாண்டு காலம் மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே இருந்தன. தூரநோக்குள்ள ஒருவரின் குரலை முப்பது ஆண்டுகள் செவிமடுக்காதிருந்தமை ஒரு தவறு. கிடைத்த ஒளியை அயலவருக்குப் பகிராதிருந்தமை மற்றொரு தவறு. புதிதாக ஒரு மின்திட்டம் வகுக்கப்படும் ஒவ்வொரு முறையும் இவ்விரண்டையும் மனதிற் கொள்வதே விமலசுரேந்திரவுக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.