அவையறிந்த மாயக்காரர் பி.சி. சர்க்கார்

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலையும் வேளையில், ஸ்ரீவில்லிபுத்தூர் வீதியோரம் ஒரு மோடி வித்தைக்காரர் வந்து அமர்வதை நம்முள் மூத்தவர்கள் கண்டிருப்பர். கோலால் மண்ணில் ஒரு வட்டம் கிழிப்பார். உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டுவார். மூடிய கூடை ஒன்றைத் தம் முன் வைத்து, கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாக அறிவிப்பார். அதன்பின் செப்படி வித்தை நடக்கும், மாங்கொட்டை முளைக்கும், தாயத்து விற்பனையாகும், தட்டு ஒரு சுற்று வரும். கூடை மட்டும் திறக்கப்படுவதேயில்லை. இந்தக் கட்டுரையாளன் சிறு வயதில் ராஜபாளையம் சந்தையில் மூன்று முறை அந்தச் சண்டைக்காக வெயிலில் காத்து நின்று, மூன்று முறையும் ஏமாந்தவன். ஏமாந்தேன் என்பதைவிட, நிறுத்தி வைக்கப்பட்டேன் என்பதே சரி.

கவிஞர்கள் கூடும் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு மாயாஜாலக்காரரின் வாழ்க்கை எதற்கு என அன்பர்கள் கேட்கக்கூடும். அவையறிதல், அவையஞ்சாமை என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவரின் மொழியில் எழுதுகிறோம். ஆயினும் நம் கவியரங்குகளில் ஐந்தாவது கவிஞர் எழும்போது முன்வரிசை நாற்காலிகளும் உடன் எழுந்துவிடுகின்றன. பத்தாண்டுகளாக இதனைக் கூட்டத்தின் குறை என்றே பேசி வந்துள்ளோம். தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூட்டத்தைக் குறை கூற இடம் வைக்காத ஒருவரைப் பற்றி அறிந்துகொள்வதில் தவறில்லை.

பிரதுல் சந்திர சர்க்கார் 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள டாங்காயில் பகுதியில் பிறந்தார். கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். இந்தக் கணிதப் பயிற்சி வீண்போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். அவருக்கு வித்தை கற்பித்தவர் கணபதி சக்கரவர்த்தி. சங்கிலியாலும் பெட்டியாலும் கட்டுண்டு மீளும் காட்சிகளால் வங்கத்தில் பெரும்புகழ் பெற்றவர். போஸ் சர்க்கஸில் நெடுங்காலம் வித்தை காட்டியவர். சர்க்கஸ் என்பது நாற்புறமும் மக்கள் சூழ்ந்த களம். பின்திரையின் மறைவு அங்கே கிடையாது. எந்தப் பக்கத்துக் கண்ணும் கையைப் பார்க்கும். நம் வீதி வித்தைக்காரரின் மண் வட்டமும் அதுவே. அத்தகைய களத்தில் பழகிய ஆசானிடம் கற்றவர், பின்னாளில் திரையும் விளக்கும் கொண்ட அரங்கில் ஏறியபோது, மறைப்பதற்கு வேண்டியது திரையன்று, பார்ப்பவனின் கவனமே என்பதை முன்னரே அறிந்திருந்தார்.

ஆனால் வித்தை கற்றவர்க்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடுவதில்லை. 1930-களில் புறப்பட்ட இளைஞர் முதலில் தம் பெயரையே செப்பனிட்டார். சர்க்கார் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்தமைப்பை மாற்றி, மந்திரவாதி என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலி அதில் கேட்குமாறு செய்தார். உலகின் தலைசிறந்த மாயக்காரர் என்ற பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டு விளம்பரங்களில் அச்சிட்டார். அயல்நாட்டு மாயக்காரர்கள் சினந்தனர், மறுத்து எழுதினர். மறுத்தவர்களின் எழுத்தாலும் அவர் பெயரே பரவியது. இந்தத் தற்புகழ்ச்சி எனக்கு உவப்பானதன்று. எனினும் அக்காலத்து மாயக்காரர்கள் மேற்கத்தியக் கோட்டும் சூட்டும் அணிந்து மேடையேறி வந்த நிலையில், இவர் பட்டு அங்கியும் இறகு செருகிய தலைப்பாகையுமாக மகாராஜா கோலத்தில் தோன்றியதைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. இந்திய வித்தை என்றால் வீதியில் கையேந்துவது என எண்ணியிருந்த மேலைநாட்டார் முன் அரசக் கோலத்தில் வந்து நின்றது ஒப்பனை மட்டும் அன்று. வீதியில் கையேந்தி நின்ற தம் முன்னோர் அனைவர்க்கும் சேர்த்து அவர் செய்த ஈடாகவே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

அவரது தொடக்ககாலப் புகழுக்குக் காரணமாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. வங்க மாகாணத்தின் பிரதமராக இருந்த பஸ்லுல் ஹக், ஒரு காட்சியில் சர்க்கார் கொடுத்த வெற்றுத்தாளில் ஏதோ எழுதினார். உடனிருந்த அமைச்சர்களும் கையொப்பமிட்டனர். பின்னர்த் தாளைப் படித்தபோது, அமைச்சரவையே பதவி விலகிச் சர்க்காரைப் பிரதமராக்குவதாக அதில் இருந்ததாம். இதில் தாள் மாறிய நுட்பம் இரண்டாம் பட்சம். அவையில் யாரைத் தேர்ந்து மேடைக்கு அழைப்பது, எந்த அளவு வரை அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கலாம், அவரும் சேர்ந்து சிரிக்குமாறு எங்கே நிறுத்துவது என்பனவே முதன்மையானவை. ஒரு நூலிழை தவறியிருந்தால் அது அவமதிப்பாக முடிந்திருக்கும்.

இந்திரஜால் என்ற அவரது பெருங்காட்சி உலகெங்கும் சுற்றியது. மொழி தெரியாத நாடுகளில் பேச்சை நம்ப இயலாது. எனவே இசை, நிறம், விரைவு ஆகிய மூன்றையும் நம்பினார். ஒரு வித்தைக்குக் கைதட்டு ஓயுமுன் அடுத்தது தொடங்கிவிடும். சிந்திக்க இடைவெளி கிடைத்தால் பார்வையாளன் துப்பறிவாளன் ஆகிவிடுவான் அல்லவா? இந்த விரைவுக்கு நடுவே ஒரு நிறுத்தமும் வைத்திருந்தார். கையில் ஒரு செம்பு. அதிலுள்ள நீரைக் கொட்டிக் கவிழ்த்துக் காட்டி ஓரமாக வைப்பார். இரண்டு வித்தைகள் கழிந்தபின் மீண்டும் எடுத்துக் கவிழ்ப்பார். மீண்டும் நீர் கொட்டும். காட்சி முடியும் வரை இது தொடரும். தனியே பார்த்தால் சிறிய வித்தை. ஆனால் நான்காம் முறை அவர் செம்பை நோக்கி நடக்கத் தொடங்கும்போதே அரங்கு சிரிக்கத் தொடங்கிவிடும். பல்லவி எதற்கு என்று கீர்த்தனை பாடுவோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கண்களின்மேல் மாவுருண்டை வைத்துத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, கரும்பலகையில் பார்வையாளர் எழுதுவதைப் படித்துக் காட்டுவது அவரது மற்றொரு புகழ்பெற்ற வித்தை. எழுதுபவர் அவையோர், கணக்குக் கொடுப்பவர் அவையோர், விடையைச் சரிபார்ப்பவரும் அவையோர். மாயக்காரர் ஒதுங்கி நிற்க, மேடை முழுதும் ஊர்மக்கள் கையில் இருப்பதுபோன்ற தோற்றம். நெரிசல் மிகுந்த நகர வீதிகளில் இவ்வாறே கண்ணைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியும் ஓட்டியிருக்கிறார்.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் இலண்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டியூக் ஆஃப் யார்க் அரங்கில் அவரது காட்சிகள் தொடங்கவிருந்தன. பி.பி.சி. தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் இறுதி அங்கம் அவருக்கு அளிக்கப்பட்டது, நேரடி ஒளிபரப்பு. மேசைமேல் கிடத்திய பதினேழு வயது உதவியாளரின் இடையை வட்ட ரம்பம் அறுத்துச் செல்கிறது. பின் அவளை எழுப்ப வேண்டும். கையைத் தேய்க்கிறார், அசைவில்லை. பெயர் சொல்லி அழைக்கிறார்; விடையில்லை. தலையசைத்து, அவள் முகத்தைத் துணியால் மூடுகிறார். அந்நொடியில் அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கருவியின் முன் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று கூறி விடைபெறுகிறார். பெண் இறந்துவிட்டாளோ என அஞ்சிய மக்களின் அழைப்புகளால் நிலையத்துத் தொலைபேசிகள் திணறின. நேரம் கடந்துவிட்டதால் நிறுத்த நேர்ந்தது, பெண் நலமே என நிலையத்தார் விளக்கினர். மறுநாள் செய்தித்தாள்கள் முழுவதும் சர்க்கார். அரங்கின் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

நொடிக்கணக்கில் காட்சியமைக்கும் கணிதப் பட்டதாரி, தமக்களித்த நேரத்தை அறியாமல் போயிருப்பார் என அவரை அறிந்த எவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கீரி-பாம்புக் கூடைதான் அது. திறக்காமல் விட்டதால் நாடே நின்றது. ஆயினும் அன்றிரவு தனியே அமர்ந்து அதைக் கண்ட ஒரு முதியவளை எண்ணிப் பார்க்கிறேன். சந்தையில் ஏமாந்தவன் கூடையைப் பார்த்துச் சிரித்தபடி வீடு திரும்பலாம். இவர்கள் ஒரு பெண்ணின் சாவை நெஞ்சில் சுமந்து உறங்கச் சென்றனர். அவையை ஆளத் தெரிந்தவன் அவையிடம் எதைச் செய்யலாகாது என்ற கேள்விக்குச் சர்க்காரின் வாழ்வில் விடையில்லை. நம் மேடைகளில் கண்ணீரை வரவழைப்பதற்காகவே எழுதப்படும் சில கவிதைகளைக் கேட்கும்போதும் எனக்கு இதே சங்கடம் தோன்றுவதுண்டு.

1964-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வங்கத்திலும் ஆங்கிலத்திலும் மாயக்கலை பற்றிப் பல நூல்கள் எழுதினார். பிறர் மறைத்ததை இவர் அச்சேற்றினார் என்பதும் ஒரு வியப்பே.

1970-இன் இறுதியில் ஜப்பான் பயணம். இதயநோய் காரணமாக நெடும்பயணம் வேண்டாம் என மருத்துவர்கள் தடுத்தும் கேளாமல் புறப்பட்டார். 1971 ஜனவரி 6-ஆம் நாள், பனி மூடிய ஹொக்கைடோ தீவில் காட்சியை முடித்தபின் மாரடைப்பால் மறைந்தார். அகவை 57. எஞ்சிய காட்சிகளுக்குச் சீட்டு வாங்கியவர்கள் காத்திருந்தனர். மகன் பிரதீப் சந்திர சர்க்கார் ஜப்பான் சென்று, தந்தை ஒப்புக்கொண்டிருந்த காட்சிகளை நடத்தி முடித்தார்.