வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை: கிறிஸ்துமஸ் குடிலை முதலில் கட்டிய அசிசி பிரான்சிஸ் யார்?

டிசம்பர் பிறந்துட்டா போதும், பூந்தமல்லி டிரங்க் ரோடு கடை வாசல்களில் காகித ஸ்டார்கள் தொங்க ஆரம்பிச்சுடும். கரையான்சாவடி, குமணன்சாவடி பக்கம் தெருக்களுக்குள் நுழைந்தால், வீட்டு வாசலில் பிள்ளைகள் அட்டைப்பெட்டி, வைக்கோல், பழைய சேலைத் துணி எல்லாவற்றையும் பரப்பிப்போட்டு குடில் கட்டிக்கொண்டிருப்பார்கள். கடையில் ரெடிமேட் குடில் செட் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் விலையைக் கேட்டதும், நாமே கட்டிக்கலாம் என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

அப்படித் திரும்பி வருவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஏன்னா, குடில் பழக்கத்தைத் தொடங்கிவைத்த மனிதர் ஒரு பொம்மைகூட வாங்கவில்லை. அவர் கேட்டது மூன்றே மூன்றுதான்: கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. வருஷம் 1223. ஊர், இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமம். அந்த மனிதர் அசிசி நகர் பிரான்சிஸ்.

இங்கே ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பிரான்சிஸ் என்றதும் பலருக்கு சவேரியார்தான் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு. முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த பிரான்சிஸ் சவேரியார் 16ஆம் நூற்றாண்டுக்காரர். அசிசி பிரான்சிஸ் அவருக்கு 300 வருஷத்துக்கு மேல் மூத்தவர்.

துணிக்கடை முதலாளி வீட்டுப் பிள்ளை

பிரான்சிஸ் பிறந்தது 1181 அல்லது 1182இல். அப்பா பியெத்ரோ பெர்னர்தோனே, அசிசியில் பெரிய துணி வியாபாரி. குழந்தை பிறந்தபோது அவர் வியாபார விஷயமாக பிரான்ஸ் போயிருந்தார். அம்மா பீக்கா குழந்தைக்கு ஜொவான்னி, அதாவது யோவான் என்று பெயர் வைத்துவிட்டார். திரும்பி வந்த அப்பா அதை பிரான்செஸ்கோ என்று மாற்றிக் கூப்பிட்டார். அதுவே நிலைத்தது.

கையில் காசுக்குப் பஞ்சமில்லை. நண்பர்களுக்கு விருந்து, ராத்திரியெல்லாம் தெருவில் பாட்டு, உடம்பில் விலை உயர்ந்த துணி. அந்தப் பிள்ளைக்கு ஒரே ஆசை, போர்வீரனாகப் பேர் வாங்கணும் என்பது. 1202இல் பக்கத்து ஊரான பெரூஜாவுடன் அசிசிக்குச் சண்டை வந்தபோது கிளம்பிப் போனார். தோற்றுப்போய் பிடிபட்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் நீண்ட நாள் காய்ச்சல். அதன்பிறகும் இன்னொரு போருக்குக் குதிரை ஏறினார், பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். ஊரில் கேலி பேசியிருக்க மாட்டார்களா என்ன?

திருப்பம் வந்தது தொழுநோயாளிகளிடம். அவர்களைப் பார்த்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி ஓடியவர் பிரான்சிஸ். ஒருநாள் வழியில் எதிர்ப்பட்ட ஒருவரிடம் குதிரையை விட்டு இறங்கிப் போய், கையில் காசு கொடுத்து, அந்தக் கையில் முத்தமும் கொடுத்தார். தன் வாழ்க்கை மாறிய இடம் தொழுநோயாளிகளோடு இருந்த நாட்கள்தான் என்று கடைசிக் காலத்தில் அவரே எழுதிவைத்தார்.

அப்பாவோடு நடந்த வழக்கு

அசிசிக்கு வெளியே சான் தாமியானோ என்று ஒரு இடிந்த கோயில் இருந்தது. அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும். பிரான்சிஸ் அப்பா கடைத் துணியை எடுத்துக்கொண்டு போய் விற்றார், ஏறிப்போன குதிரையையும் சேர்த்து விற்றார். நல்ல காரியம்தான், ஆனால் சரக்கு அப்பாவுடையது. எந்தக் கடைக்காரர் சும்மா இருப்பார்? பியெத்ரோ மகனைப் பிடித்து வீட்டில் அடைத்துவைத்தார். அவர் வெளியூர் போன நேரம் பார்த்து அம்மாதான் கட்டை அவிழ்த்துவிட்டார்.

விஷயம் ஆயர் முன்னால் பஞ்சாயத்துக்குப் போனது. அது 1206. பணத்தைத் திருப்பிக் கொடு என்பது அப்பாவின் வழக்கு. பிரான்சிஸ் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. உடம்பில் இருந்த துணி முழுவதையும் கழற்றி அப்பா முன்னால் வைத்துவிட்டு, ஊரே பார்க்க நின்றார். ஆயர்தான் தன் மேலாடையால் அவரை மூடினார்.

அப்பாவும் மகனும் பிறகு சமாதானம் ஆனதாக எந்தப் பதிவும் இல்லை. பிரான்சிஸைப் பற்றிய கதைகளில் பியெத்ரோ பெரும்பாலும் வில்லனாகவே வருகிறார். ஆனால் பிள்ளைக்காகக் கடையைச் சேர்த்துவைத்த ஒரு மனிதர் அன்றைக்கு எதை இழந்துவிட்டு வீடு திரும்பினார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அதன்பிறகு பிரான்சிஸ் கல் சுமந்தார், கோயில்களைப் பழுது பார்த்தார், கூலி வேலை செய்தார், வேலை கிடைக்காத நாளில் வீடு வீடாகப் போய் மிச்சச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1209இல் ரோமுக்கு நடந்தே போய், போப் மூன்றாம் இன்னொசென்ட்டிடம் வாய்மொழி அனுமதி வாங்கினார்கள். சில ஆண்டுகளில் அசிசியைச் சேர்ந்த கிளாரா என்ற பெண்ணும் வீட்டை விட்டு வந்து, பெண்களுக்கான சபை உருவானது.

போர்க்களத்தில் இருந்து கிரெச்சோவுக்கு

1219இல் பிரான்சிஸ் கப்பல் ஏறி எகிப்து போனார். அங்கே ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தது. கையில் ஆயுதம் எதுவும் இல்லாமல் போர் எல்லையைத் தாண்டிப் போய் சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரைக் கொல்லவில்லை. மரியாதையாகப் பேசி, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். போர் நிற்கவில்லை. பிரான்சிஸ் ஊர் திரும்பியபோது கூடவே வந்தது ஒரு கண் நோய்.

ஊரிலும் நிலைமை மாறியிருந்தது. பன்னிரண்டு பேராக ரோமுக்குப் போன கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. எங்களுக்கு வீடு வேண்டும், புத்தகம் வேண்டும், சட்டதிட்டம் வேண்டும் என்ற குரல்கள் கிளம்பின. ஒன்றுமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் பிரான்சிஸின் ஒரே பிடிவாதம். 1220இல் அவர் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். 1223 நவம்பர் 29 அன்று சபையின் சட்டத்துக்கு போப் மூன்றாம் ஹொனோரியுஸ் ஒப்புதல் கொடுத்தார்.

அடுத்த மாதம்தான் கிரெச்சோ.

கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, அந்த ஊர்க்காரரான தன் நண்பர் ஜொவான்னியிடம் பிரான்சிஸ் ஒரு உதவி கேட்டார். பாறைக் குகையில் ஒரு தீவனத் தொட்டி வைக்கணும், வைக்கோல் போடணும், பக்கத்தில் நிஜ மாடும் நிஜ கழுதையும் நிற்கணும். பெத்லகேமில் பிறந்த குழந்தை எவ்வளவு கஷ்டத்தில் படுத்திருந்தது என்பதைக் கண்ணால் பார்க்கணும் என்பதுதான் அவர் விருப்பம். அந்தக் காலத்தில் பெத்லகேமைப் பார்க்க வேண்டும் என்றால் கடல் தாண்ட வேண்டும், போர்க்களத்தைக் கடக்க வேண்டும். பூசையும் லத்தீனில்தான் நடக்கும். ஆடு மேய்ப்பவர்களுக்கு அதில் என்ன புரிந்திருக்கும்? மாட்டுத்தொட்டியும் வைக்கோலும் என்றால் யாருக்கும் விளக்கமே வேண்டாம்.

அன்று ராத்திரி ஊர் ஜனங்கள் மெழுகுவர்த்தியும் தீப்பந்தமும் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தார்கள். தீவனத் தொட்டிக்கு மேலேயே பூசை நடந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாதவர், திருத்தொண்டர் மட்டுமே. அதனால் நற்செய்தியைப் பாடிவிட்டுப் பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற வார்த்தையை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இழுத்து இழுத்துச் சொன்னாராம். இதைப் பதிவு செய்தவர் செலானோ ஊர் தாமஸ். பிரான்சிஸின் முதல் வாழ்க்கை வரலாற்றை, அவர் இறந்த சில வருஷத்திலேயே எழுதியவர். அவர் எழுதியதில் மாதா பொம்மையோ சூசையப்பர் பொம்மையோ இல்லை. மூன்று ராஜாக்களும் இல்லை. அதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

பறவைக்கும் ஒரு கிறிஸ்துமஸ் பரிசு

பிரான்சிஸுக்குப் பண்டிகைகளிலேயே ரொம்பப் பிடித்தது கிறிஸ்துமஸ்தான். ஒருமுறை அது வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று இறைச்சி சாப்பிடலாமா என்று ஒரு சகோதரர் தயங்கினார். இந்த நாளில் சுவர்கூட இறைச்சி சாப்பிடணும், சாப்பிட முடியாவிட்டால் மேலே தடவியாவது விடணும் என்கிற அளவுக்குப் போனார் பிரான்சிஸ்.

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. பேரரசரைப் பார்த்து ஒரு சட்டம் போடச் சொல்லணும்: கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் சாலையில் தானியம் தூவணும், வானம்பாடிகளும் மற்ற பறவைகளும் வயிறு நிறையச் சாப்பிடணும், வீட்டில் மாடும் கழுதையும் இருந்தால் அன்றைக்குக் கூடுதல் தீவனம் போடணும், ஏழைகளுக்குப் பணக்காரர்கள் விருந்து வைக்கணும். அந்தச் சட்டம் வரவே இல்லை. ஆனால் ஒரு சின்னத் துணிப்பையில் கம்பும் தினையும் கட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மொட்டை மாடியில் தூவச் சொல்லிக் கொடுத்தால், அதைவிடச் செலவு குறைந்த கிறிஸ்துமஸ் பரிசு எங்கே கிடைக்கும்?

கடைசி மூன்று வருஷமும் அவருக்கு வலிதான். 1224இல் லா வெர்னா மலையில் கை, கால், விலாவில் ஐந்து காயங்கள் தோன்றியதாக அவருடன் இருந்தவர்கள் சொன்னார்கள். கண் பார்வை மங்கிக்கொண்டே போனது. அன்றைய வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதில் இருந்து புருவம் வரைக்கும் சூடு போடுவது. பலன் இல்லை. வெளிச்சமே தாங்காத அந்த நிலையில்தான் சூரியனை அண்ணனாகவும் நிலாவை அக்காவாகவும் கூப்பிடும் பாட்டை இத்தாலிய மொழியில் கட்டினார். 1226 அக்டோபர் 3ஆம் தேதி மாலை, தன்னை வெறும் தரையில் கிடத்தச் சொல்லி, அப்படியே உயிர் விட்டார். வயது 44 அல்லது 45. இரண்டே வருஷத்தில் புனிதர் பட்டம் கிடைத்தது. வீடே வேண்டாம் என்றவருக்கு அசிசியில் மாபெரும் கோயில் கட்ட அடிக்கல்லும் நாட்டினார்கள். அவருடைய ஏழ்மையைக் கொண்டாட மற்றவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது.

குடில் எப்படிப் பரவியது?

அவருடைய சபைத் துறவிகள் போன இடமெல்லாம் குடிலும் போனது. 1291 வாக்கில் சிற்பி அர்னோல்ஃபோ தி காம்பியோ ரோமில் ஒரு கோயிலுக்குக் கல்லில் குடில் செதுக்கிக் கொடுத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் மோன்தேகொர்வினோ ஊர் ஜான் என்ற பிரான்சிஸ் சபைத் துறவி சீனாவுக்குப் போகும் வழியில் சோழமண்டலக் கரையில் இறங்கி, தோமையார் கோயில் இருந்த ஊரில் 13 மாதம் தங்கினார். அதாவது நம்ம மயிலாப்பூர். பிரான்சிஸ் இறந்து எழுபது வருஷம்கூட ஆகவில்லை அப்போது. போர்ச்சுகீசியர் காலத்தில் லஸ் சர்ச்சைக் கட்டியவரும் அதே சபைத் துறவிதான். அங்கே இருக்கும் கல்வெட்டு 1516 என்கிறது.

நேப்பிள்ஸ் நகரில் குடில் ராஜா வீட்டு ஆடம்பரமாகவே ஆனது, பொம்மைகளுக்குப் பட்டு உடுத்தினார்கள். இதற்கு நேர் எதிர் கதை பிரான்ஸில். புரட்சி நேரத்தில் கோயில்கள் மூடப்பட்டபோது, தெற்குப் பக்க ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே குடில் வைத்தார்கள். மார்செய் நகரில் லான்யெல் என்ற கைவினைஞர் அச்சில் வார்த்த மண் பொம்மைகளை ஏழைகளும் வாங்கும் விலைக்குக் கொடுத்தார். மீன்காரி, மாவு அரைப்பவர், தண்ணீர் சுமப்பவர் எல்லாருமே அந்தக் குடிலுக்குள் வந்துவிட்டார்கள். நம்ம கொலுவில் செட்டியார் கடை வருகிற மாதிரி.

பூந்தமல்லி வீட்டுக் குடிலுக்கு

கிரெச்சோ கணக்கில் பார்த்தால் முக்கியமானது வைக்கோல்தான். திருமழிசை, நசரத்பேட்டை பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு கைப்பிடி கிடைத்துவிடும். குடில் கூரைக்குத் தென்னங்கீற்று, சுவருக்கு அட்டைப்பெட்டி போதும். பாறைக்குப் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, அரிசிக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்தால் கல் மாதிரியே நிற்கும்.

புல்வெளிக்குத்தான் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்கணும். டிசம்பர் 14, 15 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பி, ராத்திரி ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் 24ஆம் தேதிக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். முளைப்பாரி போட்ட கை என்றால் சொல்லித் தரவே வேண்டாம். அதிகமாக முளைத்ததை இன்னொரு சின்னத் தட்டில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். பாதிக் கொட்டாங்குச்சியைச் சாய்த்துவைத்து, உள்ளே பஞ்சும் களிமண் குழந்தையும் வைத்தால் அது ஒரு முழுக் குடில், மேஜையில் வைக்கிற பரிசு. சென்னை டிசம்பருக்குப் பஞ்சுப் பனி தேவையா என்பது அவரவர் விருப்பம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேணும். காய்ந்த வைக்கோலும் சீரியல் லைட்டும் ஆகாது. லைட்டைக் கூரைக்கு வெளியே கட்டி, தூங்கப் போகும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்க. மெழுகுவர்த்தி குடிலுக்குள்ளே வேண்டவே வேண்டாம்.

குழந்தை பொம்மையை 24ஆம் தேதி நள்ளிரவுக்குத்தான் வைப்பார்கள். மூன்று ராஜாக்கள் வந்துசேரும் ஜனவரி 6 வரை பல வீடுகளில் குடில் இருக்கும். பிரிக்கும்போது வைக்கோலைக் குப்பை வண்டியில் போட்டுவிட வேண்டாம். ஜிகினா, கலர் பொடி படாமல் வைத்திருந்தால் தெருவில் வரும் மாட்டுக்கே போடலாம், கேழ்வரகுப் புல்லையும் சேர்த்து. கிரெச்சோவில் அந்த ராத்திரி தொட்டியில் இருந்த வைக்கோலை ஊர்க்காரர்கள் எடுத்துவைத்து, நோய்வாய்ப்பட்ட தங்கள் மாடுகளுக்குத்தான் கொடுத்தார்கள்.