மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியர் கிறீன்

கல்லூரியில் உயிரியலைத் தமிழில் படித்த நாம், மருத்துவபீடத்தில் கால் வைத்ததும் ஆங்கிலத்துக்கு மாறினோம். சில வருடங்களில் நோயைத் தமிழில் விளக்கும் பழக்கமே எம்மிடம் குறைந்துபோயிற்று. ஒருநாள் விடுதியில் ஒரு தாயிடம் சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தை நீட்டினோம். எல்லாவற்றுக்கும் தலையசைத்துக் கையொப்பமும் வைத்தார். என்ன விளங்கியது என்று பிறகு கேட்டால், ஒன்றுமே விளங்கவில்லை. சத்திரசிகிச்சையை ஒருநாள் பிற்போட்டு, படம் கீறி, ஊர்ப்பேச்சில் சொன்னோம். அதன் பின்புதான் வைத்தியர் கிறீனின் வாழ்க்கையை ஆறுதலாக வாசித்தோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் பணி தொடங்கினார். சமயப்பணியே அவருக்கு முதன்மையானது; அதை நாம் மறைக்கத் தேவையில்லை.

முதலில் மாணவருக்கு ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். தேறியவர்களிற் பலர் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமத்து நோயாளர் வைத்தியரின்றியே கிடந்தார்கள். மாணவரின் உயர்வு எந்த ஆசிரியருக்கும் பெருமைதான். கிறீனோ, யாருக்காக இவர்களைப் பயிற்றுகிறோம் என்று நின்று நிதானித்துப் பார்த்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார்.

சொல்வதற்கு இது சுலபம். பாடநூல் வேண்டும், கலைச்சொல் வேண்டும். வழக்கில் தமிழ்ச்சொல் உண்டா என்று முதலில் தேடினார், இல்லாவிடில் வடமொழி, அதுவும் இல்லாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்துக்கொண்டார். இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்ற பெயர் அப்படி வந்ததே. முதன்முதல் கேட்டபோது சிரித்தோம்; இப்போது சிரிப்பதில்லை. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று அவர் மொழிபெயர்த்தும் மேற்பார்த்தும் வந்த நூல்கள் 4000 பக்கங்களைத் தாண்டும். மாணவர்களும் இவ்வேலையில் அவரோடு உழைத்தார்கள். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல்.

உடல்நலம் குன்றி 1873இல் ஊர் திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தும் வேலையைத் தொடர்ந்தார். 'கெமிஸ்தம்' 1875இல் நாகர்கோவிலில் அச்சேறியபோது அவர் இருந்தது வூஸ்டரில். 1884இல் காலமானார். தம் கல்லறையில் பெயரையும் வருடங்களையும் விசுவாசத்தையும் எழுதச் சொன்னவர், தமிழருக்கு வைத்தியராய் ஊழியம் செய்ததையும் குறிக்கச் சொல்லியிருந்தார்.