பைன் காட்டுக்குக் குளவி தேடிய டில்லியார்டு

பப்பாளியையும் மல்பெரியையும் வெள்ளையாய் மூடிய மாவுப்பூச்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தடித்து ஓய்ந்தபின், 2010-இல் கடல் கடந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. இதே வழியை நூறாண்டுக்கு முன் நியூசிலாந்தில் செய்து காட்டியவர் ராபின் டில்லியார்டு.

1881-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1904-இல் ஆஸ்திரேலியா போய், சிட்னியில் கணக்கு வாத்தியார் ஆனார். ஓய்வு கிடைத்தால் தட்டான் பிடிக்கக் கிளம்பிவிடுவார். 1917-இல் தட்டான்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும்பெயர் வாங்கித் தந்தது. 1920-இல் நியூசிலாந்தின் நெல்சன் நகரிலுள்ள கௌத்ரான் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார்.

நெல்சன் ஆப்பிள் விளையும் பகுதி. பஞ்சு அசுவினி தாக்கி, கிளையெல்லாம் முடிச்சு முடிச்சாய் வீங்கிக் கிடந்தது. அதன் தாயகமான அமெரிக்காவிலிருந்து, கடுகளவுகூட இல்லாத ஒரு குளவியை டில்லியார்டு வரவழைத்தார். இது அசுவினிக்குள் முட்டையிடும். அசுவினி கறுத்து இறுகும். உள்ளே வளர்ந்த குளவி ஓட்டை போட்டு வெளியேறும். கறுத்த அசுவினி ஒட்டிய குச்சிகளை வெட்டித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். சில ஆண்டுகளில் பூச்சி அடங்கியது.

பைன் காட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அங்கே மரம் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. அதைக் கொல்லும் சைரெக்ஸ் மரக்குளவி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பெண் குளவி தண்டைத் துளைத்து முட்டையோடு ஒரு பூஞ்சாணத்தையும் நச்சுப்பசையையும் செலுத்தும். மரம் காயும். பூஞ்சாணம் பரவிய கட்டைக்குள் புழு வளரும்.

இதற்கும் எதிரி உண்டு. ரிஸ்ஸா என்ற குளவி தன் நீண்ட ஊசியைக் கட்டைக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் புழுவின் மேல் முட்டையிடும். டில்லியார்டின் முயற்சியால் 1920-களின் இறுதியில் அது இங்கிலாந்திலிருந்து வந்தது. 1928-இல் அவர் கான்பெராவுக்கு மாறினார். 1937-இல் கார் விபத்தில் இறந்தார். வயது 55.

ரிஸ்ஸா நிலைத்தது. ஆனாலும் 1946 முதல் சில ஆண்டுகள் வறட்சி வந்தபோது, சில காடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரம் செத்தது. குளவியைக் குறை சொல்லிப் பயனில்லை. நெருக்கி நட்டுக் கலைக்காமல் விட்ட காடு அது. தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் போட்டியிட்டு நலிந்த மரத்தைத்தான் சைரெக்ஸ் தேடிப் போகும். ஒட்டுண்ணி விட்டாயிற்று, இனி கவலையில்லை என்று நாமும் இருந்துவிடுகிறோம் அல்லவா?

பிறகு மரங்களைக் கலைத்து இடைவெளி விட்டார்கள். 1962-இல் யாரும் திட்டமிட்டுக் கொண்டுவராத ஒரு நூற்புழு அங்கேயே கண்ணில் பட்டது. அது பெண் சைரெக்ஸின் முட்டைகளுக்குள் புகுந்து அவற்றைப் பொய்க்க வைக்கும். அந்தக் குளவியோ வழக்கம்போல் பறந்துபோய், முட்டையோடு நூற்புழுவையும் அடுத்த மரத்தில் இறக்கிவிடும்.