ஹாக்கித் தங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு: ஜெய்பால் சிங் முண்டாவின் பயணம்

புது தில்லி: ஒலிம்பிக் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஹாக்கித் தங்கத்தைப் பெற்றுத் தந்த அணியின் தலைவர் ஒரு பழங்குடி இளைஞர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவரே அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, விடுதலை பெறவிருக்கும் நாட்டில் தம் மக்களுக்கு உரிய இடம் எது என்று கேட்டார். விளையாட்டு அரங்கில் எளிதாகக் கிடைத்த சமத்துவம் அரசியலில் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை என்பதற்கு ஜெய்பால் சிங் முண்டாவின் வாழ்க்கையே சான்று.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி அருகே தக்ரா கிராமத்தில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் 1903-ல் பிறந்தார். ராஞ்சியில் மிஷன் பள்ளியில் படித்தபோது அவரது திறனைக் கண்ட பாதிரியார் ஒருவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் படித்த அவர், பல்கலைக்கழக ஹாக்கி அணியிலும் சிறந்து விளங்கினார். ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வானார்.

பதவியா, ஆட்டமா?: 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியின் தலைவராக அழைக்கப்பட்டபோது, ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. அதைப் பொருட்படுத்தாமல் அணியில் சேர்ந்தார். திரும்பியதும் மேலும் ஓராண்டு பயிற்சி பெற வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட, அக்காலத்தில் பலரும் கனவு கண்ட அப்பதவியைத் துறந்தார்.

அந்த அணியில் பெரும்பான்மையினர் ஆங்கிலோ இந்தியர்கள். ராணுவ வீரரான தியான் சந்த், பஞ்சாபின் கேஹர் சிங் கில், முஸ்லிம் வீரர்களான பெரோஸ் கான், செளகத் அலி ஆகியோரும் உடன் இருந்தனர். ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல் அடித்தது. ஒரு கோலைக்கூட வாங்கவில்லை. தியான் சந்த் மட்டும் 14 கோல் அடித்தார். நெதர்லாந்தை 3-0 என வென்ற இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. பென்னிகர் அணிக்குத் தலைமை வகித்தார். நாடு அன்னிய ஆட்சியின் கீழ் இருந்தபோதும், அதன் பன்முகத்தன்மையை உலகம் அந்த அணியில் கண்டது.

சபையில் ஒலித்த குரல்: 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். பிகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். இன்று சம்விதான் சதன் எனப்படும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில், 1946 டிசம்பரில் குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேசினார். மக்களாட்சியைப் பழங்குடியினருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்தே மற்றவர்கள் அதைக் கற்க வேண்டும் என வாதிட்டார். மதுவிலக்கு விவாதத்தின்போது, அரிசி மது தம் மக்களின் வழிபாட்டோடு இணைந்தது என எடுத்துரைத்தார். ஆயினும் மதுவிலக்கு, அரசின் வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது.

தனி மாநிலக் கோரிக்கைக்காக ஜார்க்கண்ட் கட்சியை அவர் தொடங்கினார். 1952 தேர்தலில் அது பிகார் சட்டப்பேரவையில் முதன்மை எதிர்க்கட்சியானது. ஆனால் மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. 1963-ல் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். அம்முடிவு ஆதரவாளர்கள் பலரின் அதிருப்தியைத் தேடித் தந்தது. தனி மாநில இயக்கமும் தளர்ந்தது. 1952 முதல் மக்களவை உறுப்பினராகத் தொடர்ந்த அவர், 1970 மார்ச்சில் தில்லியில் காலமானார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பர் 15-ல் ஜார்க்கண்ட் மாநிலம் உதயமானது. அவர் வழியில் மைக்கேல் கிண்டோ 1972-ல் வெண்கலமும், சில்வானஸ் டங் டங் 1980-ல் தங்கமும் வென்ற ஒலிம்பிக் அணிகளில் ஆடினர். 2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற மகளிர் அணியில் குந்தியின் நிக்கி பிரதானும், சிம்டேகாவின் சலீமா டேட்டேவும் இடம்பெற்றனர்.

இந்திய அணியில் பழங்குடியினர் இடம்பெறுவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால், தம் மக்களை ஆதிவாசிகள் என்றே அரசியல் சாசனம் குறிப்பிட வேண்டும் என்ற ஜெய்பால் சிங்கின் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. சாசனம் இன்றளவும் அவர்களைப் பட்டியல் பழங்குடியினர் என்றே குறிப்பிடுகிறது.